இராட்டை: மரமும் கயிறும் ஆன பொறி

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் இன்று கார்களும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகின்றன. ஒரு சக்கரத்தின் சுழற்சியைப் பட்டை வழியே மற்றொன்றுக்குக் கடத்துவது இயந்திரத் தொழிலில் இன்று சாதாரணம். இம்முறை அமைந்த மிகப் பழைய கருவிகளுள் ஒன்று, தச்சர் மரத்தால் செய்த இராட்டை.

அதன் அமைப்பை நோக்குவோம். அடியில் கனத்த பலகை; சுற்றும்போது கருவி நகராதிருக்க அக்கனம் வேண்டும். பலகையின் ஒரு முனையில் நாட்டிய இரு தூண்களிடையே அச்சு பொருந்தும். அச்சைச் சூழ்ந்த குடத்தில் ஆரக்கால்கள் இரு வரிசையாக நிற்கும். வண்டிச் சக்கரத்துக்கு உள்ளதுபோன்ற மரவட்டை இதற்கு இல்லை. ஒரு வரிசையின் நுனியிலிருந்து மறு வரிசையின் நுனிக்கு மாறிமாறி இழுத்துக் கட்டிய கயிறே வட்டையாகும். அதனால் எடை குறையும். மேலே ஓடும் முறுக்குக் கயிற்றுக்கு நெகிழ்ச்சியான பிடிப்பும் கிடைக்கும்.

மறுமுனையிலுள்ள சிறு தூண்களில், தோலாலோ முறுக்கிய நாராலோ ஆன தாங்கிகளில் இரும்புக் கதிர் கிடக்கும். கதிர் சிறிது வளைந்தாலும் நுனி ஆடும், நூல் அறும். சக்கரமும் கதிரும் ஒரே நேரில் அமையாவிடின் கயிறு கழன்றுவிடும். தச்சரின் திறமைக்கு இவையே உரைகல்.

சக்கரத்தின் விட்டம் 24 அங்குலம், கதிரில் கயிறு பற்றும் இடத்தின் விட்டம் அரை அங்குலம் என்று கொள்வோம். கயிறு வழுக்காவிடின், சக்கரம் ஒருமுறை சுற்றக் கதிர் 48 முறை சுற்றும். வலக்கை சுழற்ற, இடக்கை பஞ்சுப் பட்டையைப் பின்னிழுக்கும், நூலில் முறுக்கேறும். பிறகு அந்நூலைக் கதிருக்குக் குறுக்காகப் பிடித்துச் சுற்றிக்கொள்வர்.

இக்கருவி முதலில் எங்கே தோன்றியது என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்தினர் அல்லர். பக்தாதில் 1237இல் தீட்டப்பட்ட ஓவியம் இதன் தெளிவான பழஞ்சித்திரங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 'சர்க்கா' என்னும் பெயரும், சக்கரத்தைக் குறிக்கும் 'சர்க்' என்ற பாரசீகச் சொல்லின் வழிவந்ததே. இந்தியாவில் இதற்குரிய பழைய நூற்சான்றாக வரலாற்றாசிரியர் இர்ஃபான் ஹபீப் காட்டுவது, 1350இல் இஸாமீ பாரசீகத்தில் இயற்றிய 'ஃபுதூஹுஸ் ஸலாத்தீன்'.

இச்சான்று கண்டு நாம் பெருமிதம் கொள்ளுமுன், அது வரும் இடத்தையும் நோக்குதல் வேண்டும். 1236 முதல் 1240 வரை தில்லியை ஆண்ட சுல்தானா ரஸிய்யாவைப் பழிக்கும் இடத்திலேயே இஸாமீ இராட்டையைக் குறிப்பிடுகிறார். பெண்ணுக்கு அரியணை ஆகாது, இராட்டையே ஏற்றது என்பது அவர் வாதம். அவர் இழிவாக எண்ணிய அக்கருவியே மக்களின் ஆடைக்கு நூல் தந்தது. எனினும் அதைச் செய்த தச்சர், அதில் நூற்ற மகளிர் ஆகியோரின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை.

பல நூற்றாண்டுகளுக்குப் பின், தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் பல கதிர்கள் கொண்ட இராட்டையை வடிவமைத்தார். அவர் பெயரின் ஒரு பகுதி 'அம்பர் சர்க்கா' என நிலைத்தது. அப்பேறு பெற்ற கைவினைஞர் மிகச் சிலரே. மன்னர் பெயர்களால் நிறைந்த நம் வரலாற்று நூல்களில், கதிரை நேராக்கிய கைகளுக்கும் ஓரிடம் வேண்டும்.