பாடும் பறவை எது?

அதிகாலையில் கண்விழிக்கும்போது நம் காதில் முதலில் விழுவது பறவைகளின் ஒலி. ஆனால் எந்தக் குரல் எந்தப் பறவையுடையது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நம் முன்னோர் பறவைகளை உற்றுப்பார்த்துப் பழமொழிகள் சொன்னார்கள். பழமொழிகள் நம் நாவில் நிற்கின்றன, பறவைகளைத்தான் மறந்துவிட்டோம்.

முதலில் குயிலையும் காகத்தையும் பார்ப்போம். கோடைக்காலத்தில் 'குக்கூ' என்று கூவுவது ஆண்குயில். பளபளக்கும் கருப்பு உடல், சிவந்த கண், வெளிறிய பச்சை அலகு ஆகியவை அதன் அடையாளங்கள். பெண்குயில் பழுப்பு நிறம். உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள். அது 'கிக் கிக்' என்று கூர்மையாகக் கத்தும். காகத்திற்குக் கழுத்து சாம்பல் நிறம். அண்டங்காக்கை முழுவதும் கருப்பு, அலகும் தடித்தது.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்கிறோம். குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. அந்தக் குஞ்சையும் தன் குஞ்சாகவே எண்ணி ஊட்டி வளர்ப்பது காகம். நாம் புகழும் குயில், நாம் விரட்டும் காகத்தின் உழைப்பில் வளர்ந்தது!

அடுத்து, "உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமா?" என்ற பழமொழி. ஊர்க்குருவி என்பது நம் சிட்டுக்குருவி. ஆண்குருவிக்குத் தொண்டையில் கருப்புத் திட்டு இருக்கும். பெண்குருவிக்கு அது இல்லை. வானில் வட்டமிடும் கரும்பருந்தை அதன் பிளவுபட்ட வாலைக் கொண்டு அறியலாம்.

இங்கே ஒரு வியப்பான உண்மை. உலகிலுள்ள பறவை இனங்களில் ஏறத்தாழப் பாதியை அறிவியலார் 'பாடும் பறவைகள்' என்ற பிரிவில் சேர்க்கிறார்கள். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள குரல் உறுப்பும், அதை இயக்கும் நுண்ணிய தசைகளும் இப்பிரிவில் நன்கு வளர்ந்துள்ளன. இப்பறவைகள் மூத்த பறவைகளிடம் கேட்டே தம் பாட்டைக் கற்றுக்கொள்கின்றன. காகமும் சிட்டுக்குருவியும் இந்தப் பிரிவைச் சேர்ந்தவை. குயிலும் பருந்தும் இதில் இல்லை!

மேற்படிப்புக்கு ஆசைப்படும் ஏழைப் பிள்ளையிடம், "ஊர்க்குருவி பருந்தாகுமா?" என்று சொல்லி அவன் வாயை அடைக்கிறோம். இன்னொரு வீட்டிலோ, பிள்ளையின் திறமை எதுவென்று பாராமல் பெற்றோர் தம் கனவையெல்லாம் அதன் தலையில் ஏற்றுகிறார்கள். அதற்கும் பழமொழி உண்டு: "குருவி தலையில் பனங்காய்". சிட்டுக்குருவியின் எடை ஏறத்தாழ 30 கிராம்தான். தாழ்த்துவதும் தவறு, தாங்கமுடியாததை ஏற்றுவதும் தவறு. இரண்டுமே எதிரில் இருப்பவரை அறியாததால் வருபவை.

பறவையை இனங்காண விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. காலையில் பத்து நிமிடம் அசையாமல் நின்று, முதலில் குரலைக் கேளுங்கள். பிறகு அலகு, கண், கழுத்து, வால் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில், அவர்களுடைய குரலும் உங்கள் காதில் விழும்.