வரும் எண்டு கட்டினியா, வராது எண்டு கட்டினியா?

எனக்குப் பத்து வயதிருக்கும். ஒரு மாரி இரவில் அப்பாவின் ஐந்து எருமைகள் பட்டியிலிருந்து களவு போயின. குறி சுட்ட மாடுகள். விடியுமுன்னே அப்பா கந்தளாய்ப் பக்கம் தேடிப் போய்விட்டார். தம்பலகாமம் சந்தித் தேத்தண்ணிக் கடையில் அதற்குள் பந்தயம் தொடங்கிவிட்டது. மாடு திரும்பி வருமா, வராதா? கட்டிய காசெல்லாம் முதலாளியின் பிஸ்கட் டின்னுக்குள்.

மூன்றாம் நாள் கிண்ணியாப் பக்கம் மூன்று எருமைகள் கிடைத்தன. மற்ற இரண்டும் போனது போனதுதான். பிறகுதான் தெரிந்தது, எங்கள் சந்தி ஆள் ஒருவர் முதல் நாளே ஐந்தையும் அங்கே கண்டிருக்கிறார். வாய் திறக்கவில்லை. 'வராது' என்று ஐந்து ரூபாய் கட்டியிருந்தாராம்.

அவர் கள்ளன் இல்லை. அக்காவின் கலியாணத்துக்குப் பந்தல் போட்டுத் தந்தவர். ஆனால் அந்த ஐந்து ரூபாய், எங்கள் நட்டத்தில் அவருக்கும் ஒரு லாபத்தை வைத்துவிட்டது.

பின்னாளில் காப்புறுதி முகவராக ஊர் ஊராய்ச் சைக்கிள் மிதித்த காலத்தில்தான், இந்தச் சங்கதி எங்கள் சந்தியோடு முடிவதில்லை என்று விளங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில், கப்பலில் ஒரு மூடை சரக்குக்கூட ஏற்றாதவரும் அந்தக் கப்பலின் பேரில் காப்புறுதிப் பத்திரம் வாங்கலாம். கப்பல் தாழ்ந்தால் அவருக்குக் காசு. பெயர்தான் காப்புறுதி, நடந்தது பந்தயம். 1746இல் பிரித்தானிய நாடாளுமன்றம் தன் நாட்டுக் கப்பல்கள் விஷயத்தில் இதற்குத் தடை போட்டது. இந்த வழக்கத்தால் கப்பல்கள் சரக்கோடு வேண்டுமென்றே அழிக்கப்படுகின்றன என்று அந்தச் சட்டமே காரணம் சொன்னது. பொருள் தொலைந்தால் உனக்கு நட்டம் வரவேண்டும், வராவிட்டால் பத்திரம் செல்லாது. இன்றும் காப்புறுதியின் அடித்தளம் அதுதான்.

பந்தயம் அதோடு ஒழிந்துவிடவில்லை. வரவேண்டிய கப்பல் பிந்தினால், அதற்குப் பொறுப்பேற்றவர்கள் பயத்தில் தங்கள் பொறுப்பை வேறொருவர் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நாள் ஏற ஏற அதன் விலையும் ஏறும். செய்தி முதலில் கிடைத்தவன் பாடு கொண்டாட்டம். லண்டனின் லொயிட்ஸ் சந்தையில் இதற்கு ஒரு மணி வைத்தார்கள். 1799இல் தங்கத்தோடு நெதர்லாந்துக் கரையோரம் மூழ்கிய 'லூட்டின்' கப்பலின் மணி அது. 1858இல் கடலிலிருந்து எடுத்தது. ஒரு தரம் அடித்தால் கப்பல் தாழ்ந்துவிட்டது, இரண்டு தரம் அடித்தால் வந்துவிட்டது. எல்லார் காதிலும் செய்தி ஒரே நேரத்தில் விழவேண்டும் என்பதே நோக்கம். எங்கள் சந்தியில் அப்படி ஒரு மணி இருந்திருந்தால் அந்த இரண்டு எருமைகளும் தப்பியிருக்கும்.

எங்கள் வயலோரத்துக் குடாத் தண்ணீர் திருகோணமலைத் துறைமுகத்தோடு சேருவது. அந்தத் துறைமுகத்திலிருந்து 1782 ஜூன் 13ஆம் திகதி 'குரோவ்னர்' என்ற கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. ஓகஸ்ட் 4ஆம் திகதி தென்னாபிரிக்காவின் பொண்டோலாந்துக் கரையில் பாறையில் மோதி உடைந்தது. கரையேறியவர்கள் 123 பேர் என்பார்கள். கேப்டவுன் போய்ச் சேர்ந்தவர்கள் 18 பேர்தான்.

ஆட்களை மறந்த உலகம் சரக்கை மறக்கவில்லை. பாரசீக மன்னன் நாதிர் ஷா 1739இல் டில்லியில் கொள்ளையடித்த மயிலாசனம் அந்தக் கப்பலில்தான் போனது என்று ஒரு கதை கிளம்பியது. களவு போன அரியணை, தாழ்ந்த கப்பல், வருமா வராதா? இந்த முறை பிஸ்கட் டின் இல்லை, பங்குப் பத்திரம். 1905இல் ஒரு கூட்டுக்கழகம், 1921இல் இன்னொன்று. பிந்தியவர்கள் கரையிலிருந்து பாறையைக் குடைந்து கடலுக்கடியால் கப்பலை எட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள். வந்தவை சில நாணயங்களும் பீரங்கிகளும்தான். வராத ஆசனம் எப்படி வரும்? 1747இல் நாதிர் ஷா கொல்லப்பட்டதற்குப் பிறகு அதை உடைத்துப் பிரித்துவிட்டார்கள் என்பதுதான் வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

'வரும்' என்று பங்கு வாங்கியவர் காசை விட்டார். பங்கு விற்பவர் கதை வேறு. புதையல் வந்தாலும் வராவிட்டாலும் விற்ற காசு கைக்கு வந்துவிடும். 'நிச்சயம் வரும்' என்று அவர் சொல்வதை எடைபோட, அவருக்கு அதில் என்ன நட்டம் என்று பார்த்தால் போதும்.

இது எனக்குக் காப்புறுதிப் புத்தகம் சொல்லித் தந்த பாடமல்ல. அந்தக் களவுக்குப் பிறகு, மாட்டைப் பற்றித் துப்போடு யார் வந்தாலும் அப்பா திண்ணையில் இருத்தித் தேத்தண்ணி கொடுப்பார். ஆள் குடித்து முடிக்கும்வரை பேசமாட்டார். பிறகு மெதுவாகக் கேட்பார்:

"தம்பி, நீ வரும் எண்டு கட்டினியா, வராது எண்டு கட்டினியா?"