இரத்த ஓட்டமும் நினைவாற்றலும்



இறைவன் நமக்கு அருளிய செல்வங்களுள் நினைவாற்றல் தலையாயது. அது குன்றும்போது, "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். நானும் அவ்வாறே இருந்தவன். என் துணைவியாருக்கு வந்த நோயால் நான் அறிந்துகொண்டதை இம்மலர் வாயிலாகத் தங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நம் ஆலயத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சர்க்கரைப் பொங்கல் செய்யும் தொண்டில் பல ஆண்டுகள் ஈடுபட்டவர் அவர். ஒரு நாள் வீட்டில் அரிசி, பருப்பு, வெல்லம், நெய் அனைத்தையும் எடுத்து வைத்துவிட்டு அடுப்பின் முன் அப்படியே நின்றார். "என்னங்க, முதல்ல எதைப் போடணும்?" என்று கேட்டார். உறவினர் பெயர்களும் பேரப்பிள்ளைகளின் பிறந்த நாள்களும் அவருக்கு நன்றாகவே நினைவில் இருந்தன. ஆகவே, வேலை செய்ய மனமில்லாமல் கேட்கிறார் என்று எண்ணி, வகுப்பில் கவனமில்லாத மாணவனைக் கடிவதுபோல் கடிந்துகொண்டேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

மருத்துவப் பரிசோதனையில், அவர் மூளையின் உட்பகுதியில் சிறிய இரத்த நாளங்கள் சில அடைபட்டிருப்பது தெரிந்தது. கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை. எங்களுக்குத் தெரியாமலே அவை நடந்திருந்தன.

மூளையின் எடை நம் உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டு சேர்ப்பது இரத்தம். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகைப்பழக்கம் போன்றவை மெல்லிய நாளங்களின் சுவர்களைத் தடிக்கச் செய்து வழியைக் குறுக்குகின்றன. இரத்தம் கிடைக்காத பகுதி செயலிழந்துவிடுகிறது.

இவ்வாறு வரும் மறதி நோய், அல்ஸைமர் நோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது. அல்ஸைமர் நோயில் பெரும்பாலும் அண்மையில் நடந்தவை முதலில் மறந்துபோகும். இதிலோ, ஒரு வேலையைத் திட்டமிட்டு வரிசையாகச் செய்யும் திறன் முதலில் குறையலாம், சிந்தனை மந்தமாகலாம், நடை தளரலாம். முன்னது சரிவில் இறங்குவது போன்றது. இது பலருக்குப் படி இறங்குவது போன்றது. சில மாதங்கள் ஒரே நிலையில் இருந்து, திடீரென ஒரு படி இறங்கும். முதியோர் பலரிடம் இவ்விரண்டும் கலந்தே இருப்பதுண்டு.

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருந்தது. இரத்தக் கொதிப்பு உள்ளிட்ட 14 காரணங்களைக் கவனித்தால், உலகில் இந்நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு 2024இல் கூறியது.

என் துணைவியார் விரத நாள்களில் இரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தவிர்த்து வந்தார். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நானும் பேசாமல் இருந்தேன். பின்னர் நம் குருக்கள் ஐயாவைக் கேட்டபோது, மருந்து உட்கொள்வதால் விரதம் கெடாது என்றார். ஆதலால், அன்பர்களே, விரதத்தின் பெயரால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே விரதம் இருங்கள். இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அலட்சியம் வேண்டாம். திடீரென முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 995ஐ அழையுங்கள்.

இழந்ததை மீட்க இயலாது. ஆனால் அடுத்த படி இறங்குவதைத் தாமதப்படுத்தலாம். இப்போது நான் பொருள்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அவர் பொங்கல் கிண்டுகிறார். சுவையில் குறைவில்லை.

தங்கள் இல்லத்துப் பெரியவர் தடுமாறும்போது கடிந்துகொள்ளாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அம்பாளின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.