இஞ்சினைக் கழற்றுவதற்கு முன் டீசல் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள்

கடற்றொழிலில் நட்டம் என்றால் மீன் படாததைத்தான் பலரும் சொல்வார்கள். மீன் பட்டும் நட்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இஞ்சினுக்கு வந்த சிறு வருத்தத்தைப் பெரு வருத்தம் என்று நினைத்துக் கடன்பட்டவர்கள் அவர்கள். நானும் அப்படியொரு கடனின் வாசல்வரை போய்த் திரும்பியவன்.

இறக்கக்கண்டியில் இன்று அதிகம் காண்பது வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் வள்ளங்களையே. என்னுடையது உள்ளிணைப்பு டீசல் இஞ்சின் பூட்டிய பழைய படகு. 1950களின் பிற்பகுதியில் அரசாங்கம் அறிமுகப்படுத்திய மூன்றரைத் தொன் படகுகளின் வழிவந்தது. யுத்த காலத்துக் கடல் தடைகளையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட கரையில், ஓடுகிற இஞ்சின் ஒன்று கையிலிருப்பதே பெரிய முதல்.

வாடைக்காற்றுக் காலம் முழுவதும் கரையில் ஏற்றி வைத்திருந்த படகைக் கடல் அமர்ந்த பின் இறக்கினேன். காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும். அரை மணி நேரம் நன்றாக ஓடும். புறாமலையைத் தாண்டும்போது சத்தம் தாழ்ந்து, வேகம் விழுந்து, நின்றுவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி அடித்தால் எழும்பும். பிறகு பழைய கதைதான்.

முதலில் வந்த பாஸ் பில்டரை மாற்றினார். அடுத்து நொசல் இரண்டையும் கழற்றிச் சரிபார்த்தோம். முன்னேற்றமில்லை. "கொம்பிரஷன் போய்விட்டது, ஓவர்ஹோல் செய்ய வேண்டும்" என்றார். மீன் வாங்கும் முதலாளி ஒருவர் பணம் தர முன்வந்தார். ஆனால், கடன் தீரும்வரை பிடிக்கும் மீனை அவர் சொல்லும் விலைக்கு அவருக்கே போட வேண்டும். படகில் என்னோடு மூன்று பேர் பங்குக்கு வருகிறார்கள். விலை குறைந்தால் அவர்களின் பங்கும் குறையும். நான் வாங்கும் கடனை நாலு வீடு கட்ட வேண்டிவரும்.

கேள்வியில் கிடைத்த விடை

தொழிலுக்குப் போகாத ஒரு வெள்ளிக்கிழமை, பழைய இஞ்சின்காரரான காக்கா ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் சாவியைத் தொடவில்லை, கேள்விதான் கேட்டார்.

"காலையில லேசா ஸ்டார்ட் ஆகுதா தம்பி?"

"ஓம் காக்கா, ஒரு தட்டுத்தான்."

"அப்ப கொம்பிரஷன சந்தேகப்படாத. அது போனா குளிர்ந்த இஞ்சின்தான் முதல்ல மறுக்கும். விழும்போது கறுப்புப் புகை வருதா?"

"இல்லை."

"அப்ப டீசல் கூடல்ல, போய்ச் சேரல்ல."

இஞ்சினை ஓடவிட்டோம். சத்தம் தாழத் தொடங்கியதும் டீசல் தாங்கியின் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது. கொஞ்ச நேரத்தில் இஞ்சின் தானாக எழும்பியது.

டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காகத் தாங்கியிலிருந்து ஒரு சிறு மூச்சுக் குழாய் போகிறது. படகு கரையில் கிடந்த மாதங்களில் அதற்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. காற்று போகாததால் பம்பினால் டீசலை இழுக்க முடியவில்லை. ஒரு கம்பித் துண்டால் வேலை முடிந்தது. குழாயின் வாயில் இப்போது மெல்லிய வலை கட்டியிருக்கிறேன்.

செலவில்லாததை முதலில் பாருங்கள்

அன்று காக்கா சொல்லித்தந்த ஒழுங்கை, பழைய இஞ்சின் வைத்திருக்கும் சகோதரர்களுக்காகத் தருகிறேன்.

புகையைப் பாருங்கள். கறுப்பு என்றால் காற்றுக் குறைவு, பாரம் அதிகம் அல்லது நொசல் பழுது. காற்றாடியில் வலை சுற்றியிருந்தாலும், அடியில் பாசியும் சிப்பியும் படர்ந்திருந்தாலும் கறுப்பாகவே வரும். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது.

டீசலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஓர் இரவு வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும். 2022 தட்டுப்பாட்டில் கேனில் சேமித்துப் பழகிய பலருக்கு இந்தச் சோதனை உதவும்.

பில்டர் மாற்றினால் குழாயிலுள்ள காற்றை முற்றாக வெளியேற்றுங்கள். சூடு ஏறினால் கடல்நீர் இழுக்கும் வாயில் பொலித்தீன் அடைத்திருக்கிறதா, பம்பின் றப்பர் இம்பெல்லர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றறிய, மெதுவாக ஓடும்போது நொசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தலாம். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அதில்தான் குறை. இதைப் பழகியவரே செய்ய வேண்டும். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இஞ்சின் இழுக்கவில்லையென்றால், கொம்பிரஷனை அளந்து பார்த்த பின்பே ஓவர்ஹோலைப் பற்றிப் பேசுங்கள். அளக்காமல் சொல்லும் பாஸை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

ஒரு கொப்பியும் வையுங்கள். எப்போது ஒயில் மாற்றினோம், எத்தனை நிமிடத்தில் வேகம் விழுந்தது, என்ன நிறப் புகை என்று எழுதுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை விழுகிறது என்பதை நான் முதல் நாளே எழுதிக் காட்டியிருந்தால், நொசலுக்குச் செலவழித்த பணம் மிஞ்சியிருக்கும்.

அன்று அந்த முதலாளியிடம் போய், பணம் தேவைப்படவில்லை என்று சொன்னேன். மறுநாள் பிடித்த மீனை, கூடிய விலை சொன்னவருக்கே கொடுத்தோம்.