கையெழுத்தும் சம்மதமும்: ஜப்பானிய நீலப்படத் தொழிலை முன்வைத்து

"நடிக்கிறேன்னு கையெழுத்துப் போட்டுட்டு, அப்புறம் மாட்டேன்னா எப்படி?" நீலப்படத் தொழில் பற்றிய ஒரு பேச்சில் இப்படிக் கேட்டவர் பழைய தொழிற்சங்கக்காரர். முதலாளி நீட்டும் காகிதத்தில் தொழிலாளி போடும் கையெழுத்தை 'சுதந்திரமான சம்மதம்' என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவர். பெண்ணின் கையெழுத்து என்றதும் அது அவருக்கு எப்படியோ புனிதமாகிவிட்டது. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். அங்கே 'ஏவி' எனப்படும் நீலப்படம் வெளிப்படையாக நடக்கிற தொழில். 1907ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவு ஆபாசப் பொருட்களின் விற்பனையைத் தடைசெய்கிறது. ஆகவே பிறப்புறுப்பின்மீது மொசைக் போட்டு மறைத்து விற்கிறார்கள். அந்தப் பிரிவின் கவலை முழுக்கச் சமூக ஒழுக்கம் பற்றியது. படத்தில் இருக்கிறவள் விரும்பித்தான் வந்தாளா என்று அது கேட்பதில்லை. உறுப்பு மறைக்கப்பட்டது, கூடவே அவளுடைய விருப்பம் பற்றிய கேள்வியும் மறைந்துபோனது.

ஆள்பிடிக்கும் முறை இப்படி: தெருவில் ஒருவன் வந்து 'மாடலாகலாம்' என்பான். ஏஜென்சியில் ஒரு காகிதம் நீட்டப்படும். என்ன படம் என்பது பிறகுதான் தெரியவரும். மாட்டேன் என்றால் நஷ்டஈடு கட்டு, வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்ற மிரட்டல். 2016இல் 'ஹியூமன் ரைட்ஸ் நவ்' அமைப்பு வெளியிட்ட அறிக்கை இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஒரு முக்கியமான தீர்ப்பு வந்திருந்தது. நடிக்க மறுத்த ஒரு பெண்ணிடம் ஏஜென்சி 2 கோடியே 46 லட்சம் யென் கேட்டு வழக்குப் போட்டது. 2015 செப்டம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஒருவரது விருப்பத்துக்கு மாறாகச் செய்யவைக்கக் கூடிய வேலையல்ல இது என்பதே தீர்ப்பின் சாரம். ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் அதைக் காட்டி உடலைக் கேட்க முடியாது என்றாகிறது.

2022 ஏப்ரல் 1 அன்று ஜப்பானில் சட்டப்படி வயதுக்கு வருவது 20இலிருந்து 18ஆகக் குறைந்தது. பெற்றோர் ஒப்புதலின்றிப் போட்ட ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் உரிமை 18, 19 வயதினருக்கு இல்லாமல் போயிற்று. எதிர்ப்புக் கிளம்பியது. அந்த ஜூனிலேயே, எந்த வயதினருக்கும் பொருந்துகிற தனிச்சட்டம் வந்தது. ஒப்பந்தப் பத்திரத்தைக் கையில் கொடுத்து ஒரு மாதம் கழித்துத்தான் படப்பிடிப்பு. படப்பிடிப்பு முடிந்து நான்கு மாதம் கழித்துத்தான் வெளியீடு. வெளியான பிறகும் ஓராண்டுவரை, காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை ரத்துசெய்யலாம். சட்டம் வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் போட்ட ஒப்பந்தங்களுக்கு இந்தக் கெடு இரண்டு ஆண்டு. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் படப்பிடிப்பில் எதையும் மறுக்கலாம்; நஷ்டஈடு கேட்க முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது, சம்மதத்துக்குள் காலம் நுழைந்திருக்கிறது. வழக்கமான ஒப்பந்தச் சொல்லாடலில் சம்மதம் ஓர் இறந்தகால வினை: 'சம்மதித்தாள்', முடிந்தது கதை. இந்தச் சட்டம் அதை நிகழ்காலத்துக்கு இழுத்துவருகிறது. இன்றைக்கும் சம்மதமா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டாக வேண்டும்.

சிக்கல் இத்தோடு தீரவில்லை. உடலுறவை ஒப்பந்தப் பொருளாக ஏற்பதே தவறு என்று பெண்ணியவாதிகளில் ஒரு சாரார் சட்டத்தை எதிர்த்தார்கள். மறுபக்கம், நடித்துப் பிழைப்பவர்கள் பலர் ஒரு மாதக் காத்திருப்பால் வேலை போயிற்று என்றார்கள். எங்களை ஒழுங்காகக் கேட்காமலே எங்கள் சம்மதம் பற்றிச் சட்டம் எழுதிவிட்டீர்களே என்றும் கேட்டார்கள். இந்தக் கேள்வியை முதலாளிகளின் குரல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பாதிக்கப்பட்டவளாக மட்டுமே ஒரு பெண்ணைப் பேச அனுமதிப்பதும் ஓர் அதிகாரம்தான். அதற்காக 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமையை விட்டுக்கொடுக்கவும் முடியாது. காத்திருக்கும் மாதத்துக்கான கூலி யார் பொறுப்பு என்று கேட்பதே சரியான அடுத்த கேள்வி.

இதைச் சொன்னதும் தொழிற்சங்க நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இது கூலிப் பிரச்சினையும்தான்" என்றார். ஆமாம் தோழர், இதுவும் உழைப்புதான் என்றால் வேலையை நிறுத்தும் உரிமை அவளுக்கும் உண்டு.