பயம் என்னும் காவற்காரன்

பயத்துக்கு நம் நாட்டில் நல்ல பெயர் கிடையாது. பயந்தவனைக் கோழை என்கிறோம். இருட்டறைக்குள் போகத் தயங்கும் குழந்தையைப் பார்த்து, "சீ, வெட்கமாயில்லையா?" என்று கேட்கிறோம். இதற்குக் காரணம் இல்லாமலில்லை. அடிமைப்பட்டுக் கிடந்த தேசம் விழித்தெழுவதற்கு முதலில் பயத்தை உதற வேண்டியிருந்தது. 1932-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தடியடிக்கு நடுவே கொடியைக் கைவிடாமல் சாய்ந்த குமரனின் ஊர் திருப்பூர். அதன் அருகில் வசிக்கும் நமக்கு அஞ்சாமையின் பெருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் எல்லாப் பயமும் ஓர் இனத்தைச் சேர்ந்ததன்று. அதிகாரத்தின் தடிக்கு அஞ்சுவது வேறு. அந்தரத்தில் தலைகீழாய்ச் சுழலும்போது கழுத்துக்கு அபாயம் நேருமோ என்று உடம்பு அஞ்சுவது வேறு. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது அறியாமை என்பதே வள்ளுவரின் தீர்ப்பு. நமது ஊருக்கு நெருப்பெரிச்சல் என்று பெயர். பெயரிலேயே நெருப்பு இருப்பதனால் இங்குள்ள குழந்தைகள் அடுப்பில் கையை வைப்பதில்லை! நெருப்புக்கு அஞ்சும் குழந்தையை நாம் கோழை என்று சொல்லுவதுமில்லை.

தாயும் தந்தையும் காலையில் பனியன் கம்பெனிக்குப் போய்விடுகிற வீடுகள் இங்கே அநேகம். மாலையில் பள்ளி மைதானத்து மணலில் பெண் குழந்தைகள் குட்டிக்கரணம் போடுகிறார்கள். கைத்தொலைபேசியில் ஒலிம்பிக் வீராங்கனைகளைப் பார்த்துவிட்டு, அது போலவே தாங்களும் செய்ய ஆசைப்படுகிறார்கள். சந்தோஷமான விஷயந்தான். ஆனால் ஒரு நாள் குழந்தை ஓடி வந்து, தாவ வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறாள். நேற்று வரையில் செய்த வித்தை இன்று வரவில்லை. அப்போது பெரியவர்களாகிய நாம் என்ன செய்ய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

அகர்தலாவின் பெண்

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றதும் நம் தேசத்தில் நினைவுக்கு வரும் பெயர் தீபா கர்மாகர். திரிபுரா மாநிலத்தின் அகர்தலாவில் 1993-ம் ஆண்டு பிறந்தவர். தந்தை பளு தூக்கும் பயிற்சியாளர். ஆறாம் வயதில் பயிற்சி தொடங்கிய தீபாவுக்குப் பாதங்கள் தட்டையாயிருந்தன. தாவுவதற்கும் ஊன்றி நிற்பதற்கும் வளைந்த பாதம் அவசியமாகையால் இது பெரிய குறை. அவருக்கு முதலில் கற்பித்தவர் சோமா நந்தி. பிறகு அவருடைய கணவர் பிஸ்வேஸ்வர் நந்தி பொறுப்பேற்று, அந்தப் பாதங்களையே பல ஆண்டுகள் பழக்கிச் சீராக்கினார். நல்ல சாதனங்கள் இல்லாத அக்காலத்தில் பழைய ஸ்கூட்டரின் பாகங்களைக் கொண்டு உந்து பலகை செய்து கொண்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதியதுண்டு.

தீபாவுக்குக் கியாதி தந்த தாவலின் பெயர் ப்ரொடுனோவா. எலெனா ப்ரொடுனோவா என்னும் ருஷ்ய வீராங்கனை 1999-ம் ஆண்டில் போட்டியில் செய்து காட்டியதால் அந்தப் பெயர். இருபத்தைந்து மீட்டர் நீளமுள்ள பாதையில் ஓடி வந்து, உந்து பலகையை மிதித்து, 125 சென்டிமீட்டர் உயரமுள்ள மேஜையில் கையூன்றி எழும்பி, அந்தரத்தில் முன்புறமாக இரண்டு கரணங்கள் அடித்துக் காலால் இறங்க வேண்டும். முன்புறக் கரணத்தில் இறங்கும் தரை கடைசி வரையில் கண்ணுக்குச் சரியாய்ப் புலப்படாது. சுழற்சி சிறிது குறைந்தாலும் தலையோ கழுத்தோ தரையில் மோதும். இதை 'மரணத் தாவல்' என்று பத்திரிகைகள் வர்ணித்தது முற்றிலும் மிகையன்று.

2014-ம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் தீபா இந்தத் தாவலைச் செய்து வெண்கலப் பதக்கம் பெற்றார். 2016-ல் ரியோ ஒலிம்பிக்குக்குச் சென்ற அவர், ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் கலந்து கொண்ட முதல் இந்தியப் பெண்மணியானார். ஆகஸ்டு 14-ம் தேதி நடந்த இறுதிப் போட்டியில் அவர் பெற்றவை 15.066 புள்ளிகள், இடம் நான்காவது. வெண்கலப் பதக்கம் 0.150 புள்ளியில் தவறிற்று. அன்றிரவு தேசமெங்கும் கண் விழித்துப் பார்த்தவர்கள் அந்தக் கணக்கை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு வகைத் தைரியம்

அதே மேஜையில் அன்று தங்கப் பதக்கம் வென்றவர் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ். உலகத்தின் தலைசிறந்த வீராங்கனை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அவர், ப்ரொடுனோவாவைச் செய்வீர்களா என்று கேட்டதற்கு, சாக விரும்பவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார். நம் பெண் துணிந்த தாவலை அவர் வேண்டாமென்றார். அதற்காக அவரைக் கோழை என்று யாராவது சொல்ல முடியுமா?

ஐந்து வருஷத்துக்குப் பின், 2021-ம் ஆண்டு ஜூலை 27-ம் தேதி, டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே பைல்ஸுக்கு ஓர் இடர் நேர்ந்தது. தாவலில் இரண்டரைத் திருகல் செய்யக் கருதி எழும்பியவர் ஒன்றரையோடு இறங்கினார். அந்தரத்தில் உடம்பு எந்தத் திசையில் இருக்கிறது என்னும் உணர்வே அவருக்குத் தப்பிப்போயிற்று. ஜிம்னாஸ்டுகள் இதற்கு 'ட்விஸ்டீஸ்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அவர் குழுப் போட்டியிலிருந்து உடனே விலகினார். உலகத்தில் பாதிப் பேர் ஏசினார்கள். மற்றப் பாதிப் பேர் பாராட்டினார்கள். ஆகஸ்டு 3-ம் தேதி, இறங்கும் வித்தையில் திருகலை நீக்கி எளிதாக மாற்றிக் கொண்டு, பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள உத்தரத்தின் மேல் ஏறி வெண்கலப் பதக்கம் பெற்றார். 2024-ல் பாரிஸில் மூன்று தங்கப் பதக்கங்கள். விலகியவர் திரும்பி வந்தார். விலகியதனாலேயே திரும்பி வர முடிந்தது.

நம் தீபாவும் இந்தப் பாடத்தை அறிந்தவரே. 2017-ல் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மறு வருஷம் துருக்கியின் மெர்சின் நகரில் அவர் தங்கப் பதக்கம் வென்றது, ப்ரொடுனோவாவை ஒதுக்கி வைத்து, அதைவிட எளிய தாவல்களைக் கொண்டேயாகும். 2024-ம் ஆண்டு தாஷ்கெண்டில் ஆசியப் பட்டமும் பெற்ற பின்னரே அவர் ஓய்வு பெற்றார். துணிய வேண்டிய காலத்தில் துணிவதும் தைரியம். ஒதுக்க வேண்டிய காலத்தில் ஒதுக்குவதும் தைரியம்.

மின்ஸ்க் நகரத்துப் பாடம்

பயத்தின் குரலைக் கேளாமற் போனால் என்ன நேரும் என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. 1978-ம் ஆண்டின் உலகச் சாம்பியன் எலெனா மூகினா, சோவியத் நாட்டவர். கால் எலும்பு முறிந்து, அது முற்றிலும் தேறு முன்பே பயிற்சிக்குத் திரும்பச் செய்யப்பட்டார். ஆண்கள் செய்து வந்த 'தாமஸ்' என்னும் அபாயகரமான கரணத்தை அவருக்குக் கற்பித்தார்கள். இதில் தம் கழுத்து முறிந்துவிடும் என்று அவர் எச்சரித்தும் பயன் ஏற்படவில்லை. 1980-ம் ஆண்டு ஜூலை 3-ம் தேதி, மாஸ்கோ ஒலிம்பிக் தொடங்கச் சில தினங்களே இருந்தபோது, மின்ஸ்க் நகரில் பயிற்சியின்போது அவர் கழுத்து முறிந்தது. அப்போது அவருக்கு வயது இருபது. கைகால் அசைவற்று இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து 2006-ல் மறைந்தார். அந்தக் கரணம் பெண்கள் போட்டியில் பிற்பாடு தடை செய்யப்பட்டது.

தேசத்துக்குப் பதக்கம் வேண்டும் என்ற ஆசை நமக்கும் உண்டு. அதில் யாருக்கும் நாம் பின்னடைந்தவரல்ல. ஆனால் தேசத்தின் பெயரால் ஒரு குழந்தையின் கழுத்தைப் பணயம் வைப்பது தேசபக்தியாகாது.

படிப்படியாக

அப்படியானால் பயந்த குழந்தையைப் பயத்திலேயே விட்டுவிடுவதா? அதுவும் சரியன்று. பயத்தை விரட்டலாகாது, அதனோடு சமாதானம் பேசி, ஒவ்வொரு படியாக இறங்கி வரச் செய்யலாம். 1924-ம் ஆண்டிலேயே மேரி கவர் ஜோன்ஸ் என்னும் மனோதத்துவ அறிஞர் இதை மெய்ப்பித்தார். முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்னும் சிறுவன் தனக்குப் பிடித்த பண்டத்தைத் தின்று கொண்டிருக்கையில் முயலைத் தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொண்டு வந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான். 1977-ல் ஆல்பர்ட் பாண்டுரா என்னும் அறிஞர், தன்னம்பிக்கைக்கு வலிய ஆதாரம் தானே செய்து முடித்த அனுபவந்தான் என்றும், வாய்வார்த்தையால் ஊட்டும் உற்சாகம் அதற்குப் பின்னால்தான் நிற்கிறது என்றும் விளக்கினார்.

இது நம் ஊரில் யாருக்கும் தெரியாததன்று. பவர் டேபிளில் தையல் பழக வரும் பெண்ணுக்கு முதல் நாளே ஏற்றுமதி ஆர்டர்த் துணியை யாரும் கொடுப்பதில்லை. கட்டிங் வேஸ்ட்டில் நேர்த்தையல் போடச் சொல்லுகிறார்கள். கழைக்கூத்தாடியின் குழந்தையும் முதலில் முழங்கால் உயரக் கயிற்றில்தான் நடக்கிறது.

நமது பள்ளியில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பின்னோக்கி வளைந்து கையூன்றித் திரும்பும் கரணத்தை நன்றாகச் செய்து வந்தாள். ஒரு நாள் கை வழுக்கி விழுந்தாள், காயம் ஒன்றுமில்லை. ஆனால் மறுநாளிலிருந்து கைகளைத் தூக்கியபடி நின்றாள், நெற்றி வியர்த்தது, கைகளைத் தாழ்த்திக் கொண்டு திரும்பி வந்துவிட்டாள். "சும்மா செய், ஒன்றும் ஆகாது" என்று தோழிகள் சொன்னார்கள். உடற்கல்வி ஆசிரியை அப்படிச் சொல்லவில்லை. "எந்த இடத்துல பயம் வருது, கண்ணு?" என்று கேட்டார். "தலை பின்னால போறப்போ தரை தெரிய மாட்டேங்குதுங்க டீச்சர்" என்றாள் சிறுமி.

பயம் இருக்குமிடம் தெரிந்துவிட்டது. பனியன் வேஸ்ட் அடைத்த மூட்டைகளைச் சரிவாக அடுக்கி, இறுகக் கட்டி, மேலே தடித்த மெத்தை விரித்தார்கள். சில நாட்கள் வெறுமே பின்னால் சாய்ந்து படுப்பதே பயிற்சி. பிறகு வளைவு, பிறகு சரிவில் கரணம். ஆசிரியையின் கை எப்போதும் அவள் இடுப்பில் இருந்தது. "கையை எடுக்கறதுக்கு முன்னால சொல்லிட்டுத்தான் எடுப்பேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதை ஒரு தடவையும் மீறவில்லை. இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. அரையாண்டுப் பரீட்சைக்கு முன் ஒரு நாள், "கையை எடுத்துடுங்க டீச்சர்" என்று அவளே சொன்னாள்.

சொல்லாமல் கையை எடுத்துவிட்டு, "பார்த்தாயா, நீயே செய்துவிட்டாய்!" என்று கைதட்டுகிறவர்கள் உண்டு. அவ்விதம் ஒரு கரணம் கிடைக்கலாம். ஆனால் குழந்தை மறுபடியும் அந்தக் கையை நம்புவது கடினம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் பெண் குழந்தை திடீரென்று வளரும்போது கைகால்களின் நீளம் மாறுகிறது. பழகிய வித்தையின் கணக்கும் தப்புகிறது. ஆகையால் நேற்று வந்தது இன்று வராமற் போனால் சோம்பல் என்று எண்ண வேண்டாம். செய்தால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்ற ஆசை வார்த்தையும், செய்யாவிட்டால் வகுப்பை நிறுத்திவிடுவேன் என்ற மிரட்டலும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. இரண்டும் குழந்தையின் கவனத்தைத் தன் உடம்பிலிருந்து நம் முகத்துக்குத் திருப்பிவிடுகின்றன. அடுத்த வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடுவது அதனினும் கெடுதல்.

மாலையில் வீடு திரும்பியதும், "இன்றைக்குச் செய்தாயா?" என்பது முதற் கேள்வியாக இருக்கக் கூடாது. முதலில் சாப்பாடு போடுங்கள். அவளாகச் சொன்னால் கேளுங்கள். உறக்கம் கெட்டாலும், வலி நீடித்தாலும், பயிற்சி என்றதும் வயிறு கலங்கினாலும் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

வகுப்பில் சேர்க்குமுன் ஒரு தடவை, சேர்த்த பின் மாதம் ஒரு தடவையாவது, ஷிப்ட் இல்லாத நாளில் நேரில் போய்ப் பாருங்கள். தரையில் தடித்த மெத்தை இருக்கிறதா? ஆசிரியர் கை கொடுத்துத் தாங்குகிறாரா? ஒரு குழந்தை "இன்று முடியாது" என்றால் அதட்டுகிறாரா, ஒரு படி கீழே இறக்கி வைக்கிறாரா? சுவரில் எத்தனை கோப்பைகள் இருக்கின்றன என்பதை இவற்றுக்கெல்லாம் பிறகு எண்ணிக் கொள்ளலாம். இந்தக் கேள்விகளுக்குத் திருப்தியான விடை கிடைக்காத இடத்தில், கட்டணம் எவ்வளவு குறைவாயிருந்தாலும் உங்கள் குழந்தையை விடாதீர்கள்.