காய்ச்சல் போன பிறகும் கவனிக்க வேண்டிய இதயம்

நான்கு வயதுக் குழந்தைக்கு பைபாஸ் என்றால் யாருக்கும் நம்ப மனம் வராது. கெட்ட கொழுப்பும் சிகரெட்டும் எட்டாத வயதல்லவா? ஆனாலும் அபூர்வமாகச் சில பிஞ்சுகளுக்கு அது தேவைப்படுகிறது. அதற்கு முக்கியமான ஒரு காரணம் கவாசாகி நோய்.

ஐந்து நாளாகியும் இறங்காத காய்ச்சல்

ஜப்பானியக் குழந்தை மருத்துவர் தோமிசாகு கவாசாகி இந்த நோயை முதன்முதலில் பார்த்தது 1961-இல். 50 குழந்தைகளைக் கவனித்து, 1967-இல் விரிவாக எழுதினார். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கே வருகிறது. பீளை தள்ளாமல் கண் சிவக்கும், உதடு வெடிக்கும், நாக்கு செம்புற்றுப்பழம்போல் ஆகும், உடம்பில் தடிப்பும் கை கால் வீக்கமும் தெரியும். பிசிஜி தடுப்பூசித் தழும்பு திடீரெனச் சிவந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்நோயின் வஞ்சகம் இதுதான்: மருந்தே கொடுக்காவிட்டாலும் காய்ச்சல் தானாக இறங்கிவிடும். விரல் நுனியில் தோல் உரியும்போது பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும். உள்ளே, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்களின் சுவர் அழற்சியில் நைந்து பலூன்போல் புடைத்திருக்கலாம். சிகிச்சை பெறாதவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. முதல் பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைச் சிரை வழியே ஏற்றினால் இந்த ஆபத்து 5 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்துவிடும். அதனால்தான் சிகிச்சையையும், இதயக் குழாய்களைக் காட்டும் எக்கோ பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள் என்று மன்றாடத் தோன்றுகிறது.

வளரும் குழாய்

புடைப்பு 8 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் ரத்தம் உள்ளே தேங்கி உறையலாம். ஆண்டுகள் செல்லச்செல்ல குழாய் சுருங்கவும் செய்யலாம். இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் போகும்போதுதான் பைபாஸ்.

ஜப்பானிய அறுவை மருத்துவர் சோயிச்சிரோ கிதாமுரா 1970-களில் இத்தகைய குழந்தைகளுக்கு இதைச் செய்து காட்டினார். தொடக்கத்தில் காலிலிருந்து எடுத்த சிரையை வைத்துத் தைத்தார்கள். ஆனால் பிள்ளை வளரும், அந்தச் சிரை கூடவே வளராது. நாளடைவில் அடைபடவும் செய்யும். மார்பெலும்பின் உட்புறம் ஓடும் தமனியோ உயிரோட்டத்தோடு இணைக்கப்படுவதால் குழந்தையோடு நீண்டு வளர்கிறது. நூலைவிட மெல்லிய தையலால், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குழாய்களை இணைக்கும் அந்தக் கைகளை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை.

வீட்டில் பார்க்க வேண்டியவை

சின்னப் பிள்ளைக்கு நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாத அழுகை, வாந்தி, வெளிறல், விளையாடும்போது சோர்ந்து உட்காருதல் ஆகியவற்றைப் பாருங்கள். எந்த அறிகுறியும் இல்லாமலும் குழாய் அடைபடலாம். குறித்த தேதியில் எக்கோவுக்குப் போய்விடுங்கள். மருத்துவர் எழுதிய ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதைச் சாப்பிடும் நாட்களில் அம்மையோ ஃப்ளூவோ கண்டால் அன்றே அவரிடம் தெரிவியுங்கள். இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிள்ளைக்குத் தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளை வழக்கமாக 11 மாதம் கழித்தே போடுவார்கள். ஏற்றிய தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வையுங்கள்.